நீந்துவோரும் அளப்போரும்

எங்கள் ஊரிற் கோயிலடியில் ஒரு கேணி உண்டு. மாரி பெய்து ஓய்ந்த தை மாதத்தில் அது மேற்படி வரை நிறைந்து நிற்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடி, கரைக்குக் கரை நீந்திப் பந்தயம் விடுவோம். எம்முள் ஒருவனுக்குக் குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதம் கண்டு வலக்கால் சூம்பியிருந்தது. நிலத்திலே கோலூன்றி எமக்குப் பின்னால் வருபவன், நீரிலே எம்மிற் சிலருக்கு முன்னால் போவான். ஆயினும் பந்தயம் என்று வந்தபோது, அவனுக்குப் பத்து முழம் முன்னே விட்டுத் தருவது என்று நாங்களாகவே தீர்மானித்தோம். அவன் சினங் கொண்டான். "பத்து முழம் எனக்கு வேண்டாம். நீங்களும் ஒரு காலைக் கட்டிக்கொண்டு நீந்துங்கள்" என்றான். பத்து முழமா, ஐந்து முழமா, காலைக் கட்டுவதா என்று வாதிட்டுப் பொழுது சாய்ந்துவிட்டது. அன்று பந்தயம் நடக்கவேயில்லை.

நேயர்களே, கேணிக்கரையில் நாங்கள் தீர்க்க முடியாது விட்ட அந்த வழக்கை, உலகுக்குப் பொதுவான விதிநூல் ஒன்றை வகுத்துத் தீர்க்க முயலும் போட்டி ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளர்க்குரிய பராலிம்பிக் விளையாட்டு விழாவில் நடைபெறும் ஆடவர் கலப்பு நீச்சற் போட்டியே அது. ஒன்றுக்கொன்று ஒப்பில்லாத உடல்கள் ஒரே நீரில் இறங்கும்போது நீதியான பந்தயம் எது? இந்த வினாவுக்கு அப்போட்டி தரும் விடையையும், அவ்விடை எங்கெங்கே தடுமாறுகின்றது என்பதையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் இவ்விழாவின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1948 ஆம் ஆண்டு யூலை 29 ஆம் நாள், இலண்டனில் ஒலிம்பிக் விழாத் தொடங்கிய அதே நாளில், ஸ்ரோக் மண்டெவில் என்னும் ஊரின் மருத்துவமனையில் பதினான்கு ஆடவரும் இரு மகளிரும் சக்கர நாற்காலியில் இருந்தவாறே அம்பெய்து போட்டியிட்டனர். போரில் முள்ளந்தண்டு காயமுற்றவர்கள் அவர்கள். போட்டியை ஏற்பாடு செய்தவர் லுட்விக் குட்மன் என்னும் நரம்பியல் மருத்துவர்; நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939 இல் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர். பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், 1960 இல், உரோமாபுரியில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் கூடினார்கள். முதலாவது பராலிம்பிக் விழா என்று இன்று எண்ணப்படுவது அதுவே. அங்கே நீச்சலும் இடம்பெற்றது. அக்காலத்துப் பந்தயங்கள் 25 மீற்றர், 50 மீற்றர் என்ற அளவிற் குறுகியனவாக இருந்தன.

அந்நாளில் வீரர்களைப் பிரித்தவர்கள் மருத்துவர்கள். முள்ளந்தண்டு எந்த எலும்பினருகே முறிந்தது, காயம் முழுமையானதா, அரைகுறையானதா என்று பார்த்து வகுப்புச் சொன்னார்கள். காலஞ் செல்லச் செல்லக் கை இழந்தோரும், கால் இழந்தோரும், மூளைவாதம் உற்றோரும், பார்வை இழந்தோரும் விழாவுக்கு வரத் தொடங்கினர். நோய்க்கு ஒரு வகுப்பு என்று பிரித்தால் வகுப்புகள் பெருகும். ஒவ்வொரு வகுப்பிலும் இருவர் மூவரே எஞ்சுவர். இரண்டு பேர் நீந்தி இருவரும் பதக்கம் பெறுவதைப் போட்டி என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆகவே 1992 இல் பார்சிலோனாவில் நடந்த விழாவில் நீச்சலுக்கு வேறொரு முறை வந்தது. உனக்கு வந்த நோய் யாது என்று கேட்பதை விடுத்து, நீரில் உன் உடல் எவ்வளவு செய்யும் என்று கேட்கும் முறை அது. இதன்படி கையின்றிப் பிறந்தவரும், விபத்தில் முள்ளந்தண்டு முறிந்தவரும், மூளைவாதத்தால் தசைகள் இறுகியவரும் ஒரே வகுப்பில் நீந்தலாயினர். முதன்முறை பார்ப்போர்க்கு இது வியப்பாக இருக்கும். ஒருவருக்குக் கையில்லை, பக்கத்துத் தடத்தில் இருப்பவருக்கு இரு கைகளும் உள, இது எப்படி ஒப்பாகும் என்று கேட்கத் தோன்றும். கேட்பது முறையே. விடை அவர்களை அளந்த அளவுகோலில் இருக்கின்றது.

உடற்குறை உடையோர்க்குப் பத்து வகுப்புகள். ஒன்று என்பது மிகக் கடுமையான குறை. பத்து என்பது மிக இலேசானது. பார்வைக் குறைக்கு 11 முதல் 13 வரையும், அறிவு வளர்ச்சிக் குறைக்கு 14 உம் உரியன. எண்ணின் முன்னே ஓர் எழுத்தும் வரும். கட்டற்ற நீச்சல், மல்லாந்த நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல் ஆகிய மூன்றுக்கும் 'எஸ்'. மார்பு நீச்சலுக்கு மட்டும் 'எஸ்பி'. கலப்பு நீச்சலுக்கு 'எஸ்எம்'. மார்பு நீச்சலைத் தனியே வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்றைய மூன்றிலும் உடலை முன்னே இழுத்துச் செல்வதிற் கைகளே தலைமை வகிப்பன. மார்பு நீச்சலிலோ, தவளை உதைப்பதுபோலக் கால்கள் உதைக்கும் உதை பெரும் பங்கு கொள்ளும். கால் குறைந்த ஒருவர் கட்டற்ற நீச்சலில் ஐந்தாம் வகுப்பில் இருந்தும் மார்பு நீச்சலில் நான்காம் வகுப்புக்கு உரியவராகலாம்.

இனிக் கலப்பு நீச்சலுக்கு வருவோம். இதில் ஒரே ஆள் நான்கு விதமாக நீந்தவேண்டும். முதலில் வண்ணத்துப்பூச்சி, அடுத்து மல்லாந்த நீச்சல், பின்பு மார்பு நீச்சல், கடைசியாகக் கட்டற்ற நீச்சல். ஒவ்வொன்றும் 50 மீற்றர். மொத்தம் 200 மீற்றர். என் கருத்தில், நீச்சற் போட்டிகளுள் மனித உடலை ஒளிவுமறைவின்றிச் சோதிப்பது இதுவே. கட்டற்ற நீச்சலில் மட்டும் இறங்குகிற ஒருவர் தம் உடலின் வலிய பகுதியைக் கொண்டு மெலிந்த பகுதியை ஈடு செய்யலாம். கலப்பு நீச்சலில் அது செல்லாது. வண்ணத்துப்பூச்சி இரு தோள்களையும் ஒருங்கே கேட்கும். மல்லாந்த நீச்சல் உடல் நேராக மிதக்கும் ஆற்றலைக் கேட்கும். மார்பு நீச்சல் காலைக் கேட்கும். இவற்றைக் கடந்து களைத்து வந்தவரிடம் கட்டற்ற நீச்சல் எஞ்சிய மூச்சைக் கேட்கும். ஆகையாற்றான் இப்போட்டியில் முன்னிற்பவர் மாறிக்கொண்டே இருப்பார். முதல் ஐம்பதில் எல்லோர்க்கும் பின்னால் வந்தவர் மூன்றாம் ஐம்பதில் முதல்வராகத் தலை தூக்குவதை இங்கே காணலாம்.

ஐந்தாம் வகுப்பு முதல் மேல்வரை உள்ளவர்களுக்கே இந்த 200 மீற்றர். நான்காம் வகுப்பும் அதற்குக் கீழும் உள்ளோர்க்கு வண்ணத்துப்பூச்சி நீக்கப்பட்டு, 150 மீற்றர் மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. இரு கைகளையும் ஒருசேர நீருக்கு வெளியே வீசி எறிவது அவர்களிற் பலருக்கு இயலாத செயல் என்பதே காரணம். அவர்கள் தொடங்குவதும் நீருக்குள் இருந்தே. சுவரிலுள்ள பிடியைப் பற்றியபடி மல்லாந்து காத்திருப்பார்கள். கையாற் பற்ற இயலாதவர் உண்டு. துணியொன்றைப் பல்லாற் கடித்துத் தொங்கி, ஒலி கேட்டதும் விட்டுவிட்டு விரைகிறவரும் உண்டு. முடிவில் சுவரைத் தொடுவதற்குக் கையில்லாதவர் தலையால் முட்டித் தொடுவார். அத்தகைய முட்டல் ஒன்றைத் தொலைக்காட்சியிற் கண்டபோது நான் என்னையறியாமலே என் நெற்றியைத் தடவிக்கொண்டேன்.

கலப்பு நீச்சலின் வகுப்பை எப்படிக் கண்டார்கள் என்பது கணக்குப் பிரியர்களுக்கு உவப்பாக இருக்கும். நான்கு நீச்சல்களில் மூன்று எஸ் வகையைச் சேர்ந்தவை, ஒன்று எஸ்பி வகை. ஆகவே எஸ் எண்ணை மூன்றாற் பெருக்கி, எஸ்பி எண்ணைக் கூட்டி, நான்கால் வகுத்து, கிட்டிய முழு எண்ணை எடுத்துக்கொள்வார்கள். எஸ் 5, எஸ்பி 4 உடைய ஒருவருக்குப் பதினைந்தும் நான்கும் பத்தொன்பது. நான்கால் வகுத்தால் நாலேமுக்கால். எனவே அவர் எஸ்எம் 5. வண்ணத்துப்பூச்சி இல்லாத 150 மீற்றரில் மூன்றே நீச்சல்கள் ஆதலின், எஸ் எண்ணை இரண்டாற் பெருக்கி, எஸ்பி எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுப்பார்கள். மிக நேர்மையான கணக்கு. ஆனால் கணக்குக்குள் இடும் எண் எங்கிருந்து வருகின்றது? சிக்கல் அங்கேதான் இருக்கின்றது.

அளப்போர் இருவர் மூவர் ஒரு குழுவாக அமர்ந்திருப்பர். முதலில் வீரரை மேசைமேற் கிடத்தி, ஒவ்வொரு தசையின் வலுவையும் சுழியம் முதல் ஐந்து வரை மதிப்பிடுவார்கள். மூட்டுகள் எவ்வளவு மடங்குகின்றன, கைகால்கள் எவ்வளவு நீளம், அவயவங்கள் ஒன்றோடொன்று இசைந்து அசைகின்றனவா என்று பார்ப்பார்கள். பின்னர் நீரில் இறக்கி நீந்தச் சொல்லிப் பார்ப்பார்கள். அதன் பின்னரும் போட்டியில் அவர் நீந்துவதைக் கரையிலிருந்து கவனிப்பார்கள். குறையே இல்லாத உடலுக்கு மொத்தம் 300 புள்ளி என்று வைத்துக்கொண்டு கூட்டுவது நெடுங்காலம் வழங்கிய முறை: கைகளுக்கு 130, கால்களுக்கு 100, நடுவுடலுக்கு 50, பாய்ச்சலுக்கு 10, திரும்பி உந்துதலுக்கு 10. மார்பு நீச்சலில் மொத்தம் 290. அங்கே கைகளுக்கு 110, கால்களுக்கு 120. அம்முறையில் 116 முதல் 140 புள்ளி வரை நான்காம் வகுப்பு. 141 முதல் 165 வரை ஐந்தாம் வகுப்பு.

140 உக்கும் 141 உக்கும் இடையே ஒரு புள்ளிதான். அந்த ஒரு புள்ளியில் ஒருவருடைய வாழ்வு எவ்வாறு புரளும் என்பதற்கு எடுத்துக்காட்டாக, பிறேசில் நாட்டைச் சேர்ந்த குளோடோவால்டோ சில்வா என்பவரின் கதையைச் சொல்கிறேன்.

அந்நாட்டின் வடகிழக்கே நாத்தால் என்னும் கடற்கரை நகரில் 1979 இற் பிறந்தவர் இவர். பிறக்கும்போது மூளைக்குப் போதிய காற்றுச் செல்லாமையால் மூளைவாதம் உண்டாகிக் கால்கள் பாதிக்கப்பட்டன. 1996 இல் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே நீச்சலுக்கு வந்தார். நான்கு ஆண்டுகளில் சிட்னிப் பராலிம்பிக்கில் மூன்று வெள்ளியும் ஒரு வெண்கலமும் பெற்றார். 2004 இல் ஏதென்ஸ் நகரில் அவர் பெற்றது ஆறு பொன், ஒரு வெள்ளி. அந்த ஆறு பொன்னில் ஒன்று நான்காம் வகுப்பு ஆடவர்க்கான 150 மீற்றர் கலப்பு நீச்சலிற் கிடைத்தது. பிறேசில் மக்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள்.

2008 இல் பீஜிங் நகரம். அங்கே சில்வாவை மீண்டும் அளந்தார்கள். இவர் நான்காம் வகுப்பினர் அல்லர், ஐந்தாம் வகுப்பினர் என்று தீர்ப்பு வந்தது. ஏதென்சில் ஆறு பொன் வென்றவர் பீஜிங்கில் தனிப் போட்டி எதிலும் பதக்கம் பெறவில்லை. அஞ்சல் நீச்சலில் தோழர்களோடு சேர்ந்து பெற்ற ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமுமே அவர் கையில் இருந்தன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டற்ற நீச்சலில் வகுப்பு மாறினால் பக்கத்துத் தடத்தில் இருப்பவர்தான் மாறுவார். நீந்தும் தூரமும் முறையும் மாறா. கலப்பு நீச்சலில் நான்கிலிருந்து ஐந்துக்குப் போகிறவருக்குப் பந்தயமே மாறிவிடுகின்றது. 150 மீற்றர் 200 ஆகின்றது. வாழ்நாளெல்லாம் இப்போட்டியில் நீந்தாத வண்ணத்துப்பூச்சி முதலிற் குறுக்கே வந்து நிற்கின்றது. நேற்றுவரை உன்னால் இயலாது என்று விலக்கியிருந்ததை, இன்று முதல் உன்னால் இயலும் என்று விதிநூல் சொல்கின்றது. உடலோ நேற்றிருந்த அதே உடல்.

சில்வாவுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. அவரைக் கிடத்தி அளந்தவர்கள் நானல்லன். அவர் நான்காம் வகுப்பில் நீந்தியபோது, அவருக்குப் பின்னால் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தவர்களும் அளக்கப்பட்ட மனிதர்களே. அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்திருக்கக்கூடும். ஆயினும் மூளைவாதத்தை அளப்பது எளிதன்று என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். வெட்டுண்ட கையை அளவு நாடாவால் அளந்துவிடலாம். இன்றைக்கும் நாளைக்கும் அது ஒரே நீளம். மூளைவாதம் உற்றவரின் தசையோ குளிரில் ஒரு விதமாகவும் வெதுவெதுப்பில் இன்னொரு விதமாகவும் இருக்கும். அச்சம் வந்தால் இறுகும். களைத்தால் இசைவு கெடும். பயிற்சி செய்தவன் உடலில் இசைவு கூடும். அப்படிக் கூடியது குறையின் குறைவா, உழைப்பின் பயனா? உழைப்பின் பயன் என்றால் அதற்காக ஒருவனை மேல்வகுப்புக்குத் தள்ளுவது தண்டனையாகும். குறையின் குறைவு என்றால் கீழ்வகுப்பில் விட்டுவைப்பது மற்றவர்க்குத் தண்டனையாகும். அளப்போர் நாள்தோறும் இவ்விரண்டுக்கும் இடையில் நின்றே தீர்ப்பளிக்க வேண்டியிருக்கிறது.

பொய் சொல்வோரும் உளர் என்பதை மறைப்பதில் பயனில்லை. அளக்கும்போது வேண்டுமென்றே வலுவைக் குறைத்துக் காட்டுவோரைத் தடை செய்ய விதி உண்டு. 2000 ஆம் ஆண்டு சிட்னி விழாவில், அறிவு வளர்ச்சிக் குறையுடையோர் கூடைப்பந்தாட்டத்தில் பொன் வென்ற ஸ்பானிய அணியிற் பெரும்பாலோர்க்கு அக்குறையே இல்லை என்பது பின்னர் வெளிவந்தது. அதன் விளைவாக, குற்றமேதும் செய்யாத நீச்சல் வீரர்கள் உட்பட அப்பிரிவினர் அனைவரும் 2004 இலும் 2008 இலும் வெளியே நிற்க நேர்ந்தது. 2012 இல் இலண்டனிலேதான் மீண்டும் கதவு திறந்தது. சிலர் செய்த சூதுக்குப் பலர் விலை கொடுத்தார்கள்.

சில்வா விலகிய 150 மீற்றர் கலப்பு நீச்சல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பீஜிங்கில் அதை வென்றவர் நியூசிலாந்தைச் சேர்ந்த கமரன் லெஸ்லி. நான்கு கைகால்களும் முழுமையாக அமையாமற் பிறந்தவர். அவரே 2012 இல் இலண்டனிலும் 2016 இல் றியோ டி ஜெனீரோவிலும் அதே போட்டியிற் பொன் வென்றார். ஒரே பந்தயத்தில் அடுத்தடுத்து மூன்று விழாக்களில் முதல்வர்! 2021 இல் நடந்த டோக்கியோ விழாவுக்கு அவர் போனார். ஆனால் நீந்தவில்லை, சக்கர நாற்காலி றக்பி அணியில் ஆடினார். 2024 இல் பாரிசில் மறுபடியும் நீரில் இறங்கி, 50 மீற்றர் மல்லாந்த நீச்சலில் வெள்ளி பெற்றார். இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி நம்மிற் பலர் கேள்விப்படாதிருப்பது விந்தையே.

லெஸ்லி நீந்தாத டோக்கியோவில் 150 மீற்றரில் பொன்னை எடுத்தவர் உருசிய அணியின் றோமன் ஸ்தானோவ். வெள்ளி இஸ்ரவேலின் அமி ஓமர் தாதோன். வெண்கலம் யப்பானின் தக்காயுக்கி சுசுக்கி. தாதோன் மூளைவாதம் உற்றவர். கைகால்கள் நான்கும் இருக்கின்றன, சொன்னபடி கேட்பதுதான் கடினம். சுசுக்கி கைகால்கள் குறைந்து பிறந்தவர். இருப்பவை சொன்னபடி கேட்கும். இருவருக்கும் ஒரே எண் கொடுத்த அளவுகோல் சரியானதா தவறானதா என்பதற்கு, அவர்கள் சுவரைத் தொட்ட நேரங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியும் முழுச் சாட்சியன்று. ஏனெனில் அதில் உழைப்பும் கலந்திருக்கின்றது.

சில்வா கொண்டுபோய் விடப்பட்ட ஐந்தாம் வகுப்பிலே அப்போது வேறொருவர் உதயமாகிக்கொண்டிருந்தார். அவரும் பிறேசில் நாட்டவரே. பெயர் தானியேல் டியாஸ். இரு கைகளும் ஒரு காலும் முழுமையாக அமையாமல் 1988 இற் பிறந்தவர். 2004 இல் தம் பதினாறாம் வயதில், தொலைக்காட்சியில் ஏதென்ஸ் விழாவைப் பார்த்தார். அங்கே சில்வா பொன்மேற் பொன்னாக வெல்வதைக் கண்டுதான் இப்படியொரு விளையாட்டு இருக்கின்றது என்பதையே அறிந்தார். அதன் பின்னரே நீச்சல் கற்கத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில் பீஜிங்கில் ஒன்பது பதக்கங்கள் பெற்றார். அவற்றுள் நான்கு பொன். அந்நான்கில் ஒன்று ஐந்தாம் வகுப்பு ஆடவர் 200 மீற்றர் கலப்பு நீச்சல். ஆசான் என்று மனத்திற் கொண்ட ஒருவரை அளப்போர் தம் வகுப்புக்கே அனுப்பிவைக்க, அதே விழாவில் இந்த இளைஞர் முடி சூடினார். இது விதியின் விளையாட்டு என்று நம் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். விதிநூலின் விளையாட்டு என்பேன் நான்.

டியாஸ் பின்பு இலண்டனில் ஆறு பொன், றியோவில் ஒன்பது பதக்கங்கள் என்று குவித்தார். ஆனால் சக்கரம் அவரையும் சுற்றி வந்தது. 2018 இல் நீச்சலின் வகுப்பு விதிகள் திருத்தப்பட்டு, வீரர்கள் மறுபடியும் அளக்கப்பட்டார்கள். சில்வாவுக்கு நேர்ந்ததற்கு மறுதலையாக, ஆறாம் வகுப்பிலிருந்து சிலர் ஐந்தாம் வகுப்புக்கு இறக்கப்பட்டார்கள். றியோவில் ஆறாம் வகுப்பில் 400 மீற்றர் வென்ற இத்தாலியின் பிரான்செஸ்கோ பொச்சார்தோ, டோக்கியோவில் ஐந்தாம் வகுப்பில் 100 மீற்றரும் 200 மீற்றரும் வென்றார். இரண்டிலும் டியாஸ் மூன்றாவது. முன்னர் ஆறாம் வகுப்பில் இருந்த சீனத்தின் செங் தாவோ என்பாரும் டோக்கியோவில் ஐந்தாம் வகுப்பில் நீந்திப் பொன் பல வென்றார். அவர் இரு கைகளும் இல்லாதவர். கையே இல்லாத ஒருவர் ஐந்தில் நீந்துவது அநீதி என்று சொல்ல எவருக்கு நாவெழும்? டியாஸ் அந்த விழாவில் மூன்று வெண்கலத்துடன் ஓய்வு பெற்றார். அவர் பெற்ற பதக்கங்கள் மொத்தம் 27.

இன்னொரு பிறேசில் வீரரின் கதை இதனினும் கடியது. அந்திரே பிறேசில் என்பவர் போலியோவினால் ஒரு கால் வலுக்குன்றியவர். பத்தாம் வகுப்பில், அதாவது மிக இலேசான குறையுடையோர் வகுப்பில், நீந்தி மூன்று விழாக்களில் 14 பதக்கங்கள் பெற்றவர். 2019 இல் அவரை அளந்தபோது, எந்த வகுப்புக்கும் உரியவர் அல்லர் என்று தீர்ப்பாயிற்று. பத்துக்கு மேலே பதினொன்று இல்லை; அது பார்வையற்றோரின் எண். ஒலிம்பிக் வீரர்களோடு போட்டியிடப் போதிய வலு அந்தக் காலில் இல்லை. பராலிம்பிக்கில் நீந்தப் போதிய குறையும் இல்லை. இடையில் அகப்பட்ட மனிதருக்கு உலகில் ஒரு தடமும் இல்லாது போயிற்று. எங்கோ ஒரு கோடு இழுத்துத்தான் ஆகவேண்டும் என்பது உண்மை. கோட்டுக்கு மிக அருகில் நிற்பவர் யாரோ ஒருவர் எப்போதும் இருப்பார் என்பதும் உண்மை.

இவ்வளவு சொன்னபின் அளப்பதே வேண்டாம் என்று நேயர்கள் நினைத்தால், அதை நான் ஏற்கமாட்டேன். அளவு இல்லாவிட்டால் எங்கள் கேணியிற்போலப் பந்தயமே நடவாது. அளப்போரில் மருத்துவரும் உளர், நீச்சல் ஆசிரியரும் உளர். கெட்ட எண்ணத்தோடு அங்கே வந்து அமர்வோர் அரியர். நான் வேண்டுவது வேறொன்று. வெற்றி பெற்றான் என்பதையே ஒருவனுடைய உடலுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளலாகாது. பதினைந்து ஆண்டுகள் விடியற்காலையில் நீரில் இறங்கியவனை, அவன் நன்றாக நீந்துகிறான் என்ற காரணத்துக்காகவே ஐயுறுவது கொடுமை. எண்ணை மாற்றுவதாயின், விழா நடக்கும் நகரத்தில் வைத்து மாற்றாது, நீண்ட நாட்களுக்கு முன்பே மாற்றட்டும். புதிய வகுப்புக்கு ஏற்பப் பயிற்சி செய்ய அவனுக்கும் ஒரு காலம் வேண்டும் அல்லவா?

அஞ்சல் கலப்பு நீச்சலைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். அங்கே இந்த எண்கள் வேறொரு முகம் காட்டுகின்றன. நால்வர் ஓர் அணி. ஒருவர் மல்லாந்து, ஒருவர் மார்பு நீச்சல், ஒருவர் வண்ணத்துப்பூச்சி, ஒருவர் கட்டற்ற நீச்சல், நூறு நூறு மீற்றர். நால்வரின் வகுப்பெண்களையும் கூட்டினால் 34 ஐ மிஞ்சக்கூடாது. பத்தும் ஒன்பதும் எட்டும் ஏழும் சேர்ந்தாலும் 34. இரு பத்தும் ஒன்பதும் ஐந்தும் சேர்ந்தாலும் 34. எனவே ஐந்தாம் வகுப்பினர் ஒருவர் இருந்தால், மற்ற மூவரும் ஏறக்குறைய உச்ச வகுப்பினராக இருக்கலாம். தனிப் போட்டியில் எவருடைய குறை வழக்காகி நிற்கின்றதோ, அவரே இங்கே அணியின் செல்வமாகிறார். பார்ப்பவர்க்கும் இது பெருவிருந்து. ஓர் அணி இருபது மீற்றர் முன்னே போகும். அடுத்தவர் இறங்கியதும் அந்த முன்னணி கரைந்துபோகும். கடைசி ஆள் பாயும் வரை வெற்றி யாருடையது என்று சொல்ல இயலாது. றியோவில் இப்போட்டியில் வெண்கலம் பெற்ற பிறேசில் அணியில் டியாஸ் இருந்தார்.

அந்த றியோ விழாவின் தொடக்க இரவைச் சொல்லி முடிக்கிறேன். 2016 செப்டெம்பர் 7 ஆம் நாள், பிறேசிலின் சுதந்திர தினம். மரக்கானா அரங்கில் மழை பெய்துகொண்டிருந்தது. தீபத்தை ஏந்தி வந்தோருள் ஒருவரான மார்சியா மல்சார் என்னும் முன்னாள் ஓட்ட வீராங்கனை, மூளைவாதம் உற்றவர், ஈரத்தில் வழுக்கி விழுந்தார். எழுந்து, தீபத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் நடந்தார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. தீபம் கைமாறிக் கைமாறிக் கடைசியாகச் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரிடம் வந்தது. அவர் குளோடோவால்டோ சில்வா. கொப்பரை இருந்த மேடைக்குப் போகும் வழியில் அவர் முன்னே நின்றவை படிகள். சில்வா நாற்காலியை நிறுத்தி அப்படிகளை நிமிர்ந்து பார்த்தார். பின்பு படிகள் ஒவ்வொன்றாய் விலகி மடிந்து சாய்தளமாக மாறின. அவர் மழையில் நனைந்தபடியே மேலே சென்று தீயை ஏற்றினார்.

சில நாட்களின் பின்னர் அதே நகரில், ஆடவரும் மகளிரும் கலந்த 50 மீற்றர் அஞ்சல் நீச்சலில் பிறேசில் வெள்ளி வென்றது. அந்த அணியிற் சில்வாவும் இருந்தார், டியாஸும் இருந்தார். சில்வா பெற்ற பதினான்காவது பதக்கம் அது.